வடித்த வைனில் ஏறும் கடதாசி மணம்

(ரொறன்ரோவில் வீட்டில் வைன் தயாரிப்போர் கூடிய ஒரு மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1980களில் ஆன் நோபல் என்ற பேராசிரியை வைனின் மணங்களையெல்லாம் ஒரு சக்கரத்துக்குள் அடக்கினார். நடுவே பழம், மலர், மசாலா, மரம், மண், இரசாயனம் என்று பெரும் பிரிவுகள். விளிம்பை நோக்கிப் போகப் போகப் பிரிவுகள் நுணுகும். எலுமிச்சை, ரோசா, கராம்பு, மிளகு என்று ஒவ்வொன்றும் தன் பெயரோடு நிற்கும். அந்தச் சக்கரத்தின் இரசாயனப் பகுதியில் கடதாசி மணத்துக்கு ஒரு சிறு மூலை ஒதுக்கியிருக்கிறார். அதில் இரண்டே பெயர்கள். ஒன்று நனைந்த காட்போட் மட்டை, மற்றது வடிதாள். வைனைத் தெளிவாக்கவென்று நாம் காசு கொடுத்து வாங்கும் அதே வடிதாள், வைனின் குறைகளில் ஒன்றாக அங்கே பெயர் பெற்றிருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

புரட்டாதி பிறந்ததும் கலிபோர்னியாவிலிருந்து இந்த நகருக்குப் பெட்டி பெட்டியாகத் திராட்சை வந்து இறங்குகிறது. இத்தாலியக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வைன் செய்கின்றன. நம்மில் பலர் அவர்களுக்கு அயலில் இருந்துதான் இந்தக் கலையைப் பழகினோம். அப்படி நசுக்கிய பழச்சாறு பங்குனி மாதத்தில் பேஸ்மென்டில் கார்போய்களுக்குள், அந்த 23 லீற்றர் கண்ணாடிப் போத்தல்களுக்குள், மெல்லிய மங்கலோடு நிற்கும். விருந்தினர் முன் வைக்கும் கிண்ணத்தில் வைன் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். கடையில் வடிகட்டும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். வைன் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பழத்தின் மணம் எங்கோ பின்னால் போயிருக்கும். முன்னால் பழைய கொப்பியின் தாள் நனைந்ததுபோல் ஒரு வாசம் நிற்கும், அல்லது வெட்டிவைத்த அப்பிள் கறுத்ததுபோல் ஒரு சுவை.

அப்போது எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: வடிகட்டினால் வைனின் சுவை போய்விடும். இந்தத் தீர்ப்புக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவும் உண்டு. 1972இல் கலிபோர்னியாவில் வைன் கடை திறந்த கெர்மிட் லிஞ்ச், பிரான்சின் சிறு தோட்டக்காரர்களிடம் வடிகட்டாத வைனைக் கேட்டு வாங்கி இறக்குமதி செய்தவர். 1988இல் வெளிவந்த தன் நூலிலும் அதற்காக வாதாடினார். விமர்சகர் ரொபேட் பாக்கரும் அந்தப் பக்கமே நின்றார். மறுபக்கத்தில் போர்தோவின் பேராசிரியர் எமில் பெய்னோ, ஒழுங்காக வடிகட்டினால் நல்ல வைனுக்குக் கேடில்லை என்று கற்பித்தார். இவர்களுடைய விவாதம் வடிகட்டி வைனிலிருந்து எதை எடுக்கிறது என்பதைப் பற்றியது. வீட்டில் வைன் செய்யும் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நம்முடைய வடிகட்டல் வைனுக்குள் எதைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே அது. வீட்டு வைனில் வடிகட்டலுக்குப் பின் தோன்றும் கெட்ட சுவைகளில் மிகப் பெரும்பாலானவை வெளியிலிருந்து உள்ளே வந்தவை என்பது என் உறுதியான கருத்து.

அளவுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம் கைக்குக் கிடைக்கும் வடிதாள்களில் மிக நுண்ணியது ஏறக்குறைய அரை மைக்கிரோன் துணிக்கையைத் தடுக்கும். அதாவது 500 நனோமீற்றர். மதுவக் கலம் ஒன்று பல மைக்கிரோன் பருமன் உள்ளது, ஆகவே அது நிற்கும். பழ மணத்தைத் தரும் மூலக்கூறு ஒரு நனோமீற்றரைக்கூட எட்டாது. அது இந்தத் துளைக்குள்ளால் தடையின்றிப் போய்விடும். தாளின் நார்களில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளலாம், வைனுக்கு உடலையும் வழவழப்பையும் கொடுக்கும் பெரிய பல்சக்கரைட்டுக்களில் ஒரு பகுதி தங்கலாம். அந்த இழப்பு உண்மை. ஆனால் நனைந்த கடதாசி மணம் இழப்பினால் வருவதன்று. இல்லாத ஒன்று வந்து சேர்ந்தால்தான் அது வரும்.

எங்கிருந்து வருகிறது? முதலில் தாளைப் பார்ப்போம்.

கடையில் பில்டர் பாட் என்று கேட்டு வாங்கும் தடித்த வடிதாள், மரக்கூழ் நாரை அழுத்திச் செய்தது. வகையைப் பொறுத்து நாரோடு டயற்றம் மண்ணோ பேர்லைற்றோ கலந்திருக்கும். நனைந்தாலும் கிழியாமல் இருக்க ஒரு பிசினும் சேர்ப்பார்கள். உலர்ந்த தாளில் தூசு நாரும், கரையக்கூடிய கல்சியமும், தாளுக்கே உரிய வாசமும் இருக்கும். அதன் வழியே முதலில் பாயும் திரவம் இவற்றைக் கழுவிக்கொண்டு போகும். அந்த முதல் திரவம் வைனாக இருந்தால் கழுவிய அழுக்கு நம் போத்தலுக்குள்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பெரிய வைன் சாலைக்கும் நம் பேஸ்மென்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைக்கவேண்டும். சாலையில் ஒரு தொகுதித் தாள்களுக்குள்ளால் ஆயிரக்கணக்கான லீற்றர் போகும். தாளின் வாசத்தைச் சுமந்த முதல் சில லீற்றரை ஒதுக்கிவிடுவார்கள், ஒதுக்காவிட்டாலும் அது பெருவெள்ளத்தில் கரைந்துபோகும். நமக்கோ மூன்று தாளுக்கு 23 லீற்றர் மட்டுமே. சிறு வைனுக்குப் பெருந்தாள். அதே தாள், அதே வாசம், ஆனால் செறிவு பல மடங்கு. பெய்னோ போன்றவர்களின் அனுபவம் சாலையில் பிறந்தது. அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்து ‘வடிகட்டல் கேடில்லை’ என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

புது மண்சட்டியை யாரும் வாங்கிய அன்றே உலையில் வைப்பதில்லை. தண்ணீர் ஊற்றி, கழுநீர் கொதிக்கவைத்து, மண் வாசம் போகும்வரை பழக்குவோம். வடிதாளையும் அப்படித்தான் பழக்கவேண்டும். லீற்றருக்கு 10 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்த தண்ணீரை முதலில் இயந்திரத்துக்குள்ளால் ஓடவிடுங்கள். அமிலம் தாளிலுள்ள கல்சியத்தைக் கரைத்து வெளியேற்றும். பிறகு வெறும் தண்ணீர். எத்தனை லீற்றர் என்று நான் கணக்குச் சொல்லப்போவதில்லை. தாளுக்குத் தாள் அது மாறும். கணக்கை உங்கள் மூக்கிடம் விடுங்கள். வெளியே வரும் தண்ணீரை ஒரு வைன் கிண்ணத்தில் பிடித்து மணந்து பாருங்கள், ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பக்கத்தில் தாளுக்குள் போகாத அதே தண்ணீர் இன்னொரு கிண்ணத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாகும்வரை ஓடவிடுங்கள். தண்ணீரில் தெரியும் கடதாசி வாசம் வைனிலும் தெரியும், தண்ணீரில் தெரியாதது வைனில் அனேகமாகத் தெரியாது. இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல் ஒரு வருட உழைப்பை இயந்திரத்துக்குள் ஊற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் வருந்துகிறது.

பிறகு இயந்திரத்துக்குள் தங்கிய தண்ணீரை வைன் தள்ளிக்கொண்டு வரும். நீர்த்த அந்த முதல் பகுதியைத் தனியே பிடித்து ஒதுக்குங்கள். சுவை முழுதாக வந்த பின் குழாயைக் கார்போய்க்கு மாற்றுங்கள். அரை லீற்றர் வீணாகிறதே என்று தயங்கினால் மீதி இருபத்திரண்டையும் கெடுக்கவேண்டியிருக்கும்.

தாளுக்குச் சொரசொரப்பான பக்கம் ஒன்று, வழுவழுப்பான பக்கம் ஒன்று. மங்கலான வைன் சொரசொரப்பின் வழியே நுழைந்து வழுவழுப்பின் வழியே வெளியேறவேண்டும். திருப்பி வைத்தால் நார் உதிர்ந்து வைனோடு வரும்.

கழுவும் தண்ணீரையும் சொல்லவேண்டும். ரொறன்ரோ நகரசபை குழாய்த் தண்ணீரில் குளோரமீன் கலக்கிறது. குளோரீனைப்போல் ஒரு இரவு திறந்துவைத்தால் அது பறந்துவிடாது. நல்ல கரி வடிகட்டியால் அதை நீக்கலாம். அல்லது வைன் தயாரிப்பில் பாவிக்கும் கம்ப்டன் குளிசை ஒன்றைப் பொடியாக்கிக் கரைத்தால் ஏறத்தாழ 75 லீற்றர் தண்ணீரில் உள்ள குளோரமீனை அது நடுநிலையாக்கும். குளோரீன் சேர்ந்த தண்ணீர் மரக்கூழோடு சேர்வது ஏன் ஆபத்து என்பதற்குச் சற்றுப் பின் வருகிறேன். அதற்கு முன் இன்னொரு பெரிய எதிரி இருக்கிறது.

அது காற்று. என் கணிப்பில், வீட்டு வடிகட்டலில் கடதாசி கெடுப்பதைவிடக் காற்று கெடுப்பது அதிகம். காற்றால் கெட்ட வைனைத்தான் பலர் ‘வடிகட்டி சுவையை உறிஞ்சிவிட்டது’ என்கிறார்கள்.

1860களில் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி லூயி பாஸ்ச்சர் வைன் நோய்களை ஆராய்ந்தார். 1866இல் வந்த நூலில், நிரம்ப அடைத்த கண்ணாடிக் குழாயில் உள்ள வைனையும் பாதி காற்றோடு அடைத்த வைனையும் ஒப்பிட்டிருக்கிறார். காற்றோடு இருந்தது நிறமும் மணமும் மாறியது. இன்று நமக்கு அதன் வழி தெரியும். ஒட்சிசன் வைனிலுள்ள இரும்பின் துணையோடு பீனோல்களைத் தாக்க, ஐதரசன் பேரொட்சைட்டு பிறக்கிறது. அது அற்ககோலைத் தாக்கி அசெற்றல்டிகைட்டாக்குகிறது. கறுத்த அப்பிளின் மணம் அதுதான். கந்தகவீரொட்சைட்டு இருந்தால் இடையில் புகுந்து பேரொட்சைட்டை அழிக்கும், பிறந்துவிட்ட அசெற்றல்டிகைட்டையும் கட்டிப்போடும். கந்தகவீரொட்சைட்டைத் தரும் மெற்றாபைசல்பைற்றை நாம் போடுவது இதற்காகவே.

எண்களை வைத்துப் பார்த்தால் பயம் வரும். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு லீற்றர் வைன் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துக்கொள்ளும், குளிராக இருந்தால் இன்னும் கூட. ஒவ்வொரு மில்லிகிராம் ஒட்சிசனும் ஏறக்குறைய 4 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டைத் தின்னும். அப்படியானால் குழாயை மேலே பிடித்துச் சலசலவென்று ஊற்றி நிரப்பிய ஒரு கார்போயில், லீற்றருக்கு 32 மில்லிகிராம் காவல் போய்விட்டது. pH 3.5 உள்ள வெள்ளை வைனுக்குத் தேவையான சுதந்திர (எதனோடும் பிணையாத) கந்தகவீரொட்சைட்டே 40 மில்லிகிராம் அளவில்தான். அநேக வீடுகளில் வடிகட்டும் நேரத்தில் அதில் பாதியும் இருப்பதில்லை.

ஆகவே வடிகட்டுவதற்கு முதல் நாளே அளந்து போடுங்கள். 23 லீற்றரை 40 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 1.6 கிராம் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று வேண்டும். அதில் ஒரு பகுதி வைனிலுள்ள பொருட்களோடு உடனே பிணைந்துவிடும், அதனால் மறுநாள் திரும்ப அளப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள அளவைக் கழித்துக்கொண்டு போடவேண்டும், கூடிப்போனால் எரிந்த தீக்குச்சி மணம் வரும்.

பம்பு உள்ள இயந்திரத்தில் கசிவு இரண்டு வகை. பம்புக்குப் பிறகு கசிந்தால் வைன் மேசையில் சொட்டும். கண்ணுக்குத் தெரியும், வாளி வைப்போம், பதறுவோம். அதனால் வைனுக்குப் பெரிய கேடு இல்லை. பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்துக் குழாய்ப் பூட்டு தளர்ந்திருந்தால் ஒரு துளியும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பம்பு அந்தக் காற்றை வைனோடு அடித்துக் கலக்கி, அழுத்தத்தோடு தாளுக்குள் செலுத்தும். ஒட்சிசனைக் கரைப்பதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. அந்தப் பக்கக் குழாய் தெளிந்த பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். உள்ளே குமிழிகள் ஓடுவது தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திப் பூட்டை இறுக்குங்கள். வெளியேறும் குழாயின் நுனி, வைன் வாங்கும் கார்போயின் அடியைத் தொடவேண்டும். இயலுமானால் அந்தக் கார்போயை முன்கூட்டியே காபனீரொட்சைட்டால் நிரப்புங்கள். அது காற்றைவிடப் பாரமானது, அடியில் தங்கி வைனுக்கு மேல் ஒரு போர்வையாக உயரும்.

முடிந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. தாள்கள் குடித்தது, ஒதுக்கியது எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் குறைந்திருக்கும். அதே அளவுக் கார்போயில் திரும்ப ஊற்றினால் மேலே ஒரு லீற்றர் காற்று நிற்கும். அதில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. இருபத்திரண்டு லீற்றருக்கு அதைப் பங்கிட்டால் லீற்றருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் வரும். சலசலவென்று ஊற்றுவதைவிடக் கூடிய கேடு, சத்தமில்லாமல் வாரக் கணக்கில் நடக்கும். சிறிய போத்தல்களுக்கு மாற்றுங்கள், அல்லது அதே இன வைனால் கழுத்துவரை நிரப்புங்கள்.

இனி, குளோரீனுக்கு வருகிறேன். 1981இல் சுவிற்சர்லாந்தின் ஹான்ஸ் ரனரும் அவரோடு வேலை செய்தவர்களும், தக்கை கெட்ட வைனின் பூஞ்சண நாற்றத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். 2,4,6-டிரைகுளோரோ அனிசோல் என்பது அதன் முழுப்பெயர், ரி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லீற்றருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பயின்ற மூக்கு பிடித்துவிடும். அதற்கும் குறைந்த அளவில் நாற்றம் தெரியாது, பழ மணம் மட்டும் மங்கிப்போகும். அதனால்தான் அது மிகவும் ஏமாற்றுவது. தக்கையில் மட்டும் அது உண்டாவதில்லை. மரமோ, மரக்கூழோ, காட்போட்டோ இருந்து, குளோரீன் சேர்ந்து, ஈரத்தில் பூஞ்சணமும் வளர்ந்தால் அது பிறக்க இடம் உண்டு. வடிதாள் மரக்கூழ்தானே. பாதி பாவித்த பாட் பொதியை வாய் திறந்தபடி ரொறன்ரோக் கோடைகாலப் பேஸ்மென்டில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் அதைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள். சலவைத் தூளின் வாசத்தையும் பெயின்ற் வாசத்தையும் அந்தத் தாள் பஞ்சுபோல் இழுக்கும். இயந்திரத்தையும் குழாய்களையும் ப்ளீச்சால் கழுவவே வேண்டாம். சோடியம் பேர்காபனேற்று வகைக் கழுவுதூளால் கழுவி, நன்றாக அலசி, சித்திரிக் அமிலமும் மெற்றாபைசல்பைற்றும் கரைத்த நீரால் கிருமி நீக்குங்கள்.

பழைய இயந்திரங்களை வீட்டு விற்பனையில் வாங்குவோருக்கு ஒன்று. ஜேர்மனியின் பாட் குரொய்ஸ்னாக் நகரத்துச் சைற்ஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்த வடிதாளைப் பரப்பியது. 1970கள்வரை வைன் உலகம் அதைப் பாவித்தது. அக்காலத்து வழிகாட்டி நூல்கள் சிலவற்றிலும் அஸ்பெஸ்ரஸ் கூழால் வடிக்கச் சொல்லியிருக்கும். இயந்திரத்தோடு பழைய தாள் வந்தால் கிழித்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

இவ்வளவு கவனமும் எடுக்க முடியாதவர் வடிகட்டாமல் விடுவதே நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நொதித்தல் முடிந்து மண்டி அடியில் படிந்ததும் தெளிவை இறுத்து வேறு கார்போய்க்கு மாற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்து, குளிர்காலத்தைக் கராஜில் கழிக்கவிட்டால், சிவப்பு வைன் பெரும்பாலும் தானாகவே தெளியும். காலம் தெளியவைத்த வைனில் கடதாசி மணம் வர வழியே இல்லை. வெள்ளை வைனில் புரதத்தால் வரும் மங்கலை எந்தத் தாளும் நிறுத்தாது. வடித்த அன்று பளிச்சென்று இருக்கும், கோடையில் வெப்பம் ஏறியதும் போத்தலுக்குள் மூட்டமாகும். அதற்கு மருந்து பென்ரனைற்றுக் களிமண். பெக்ரின் மங்கலுக்கு நொதியம் உண்டு. இவற்றையெல்லாம் செய்து, வைன் கிட்டத்தட்டத் தெளிந்த பிறகு கடைசி மெருகுக்காக வடிப்பதே முறை. மண்டியோடு நிற்கும் வைனை நுண்தாளுக்குள் திணித்தால் தாள் அடைபடும், அழுத்தம் ஏறும், பூட்டுகள் கசியும், காற்று புகும். கெட்ட சுவை எல்லாம் அவசரத்தின் பின்னால் வரிசையாக வரும்.

வடித்து முடித்த அன்றே சுவைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. கலக்கத்தில் கட்டுப்படாத அசெற்றல்டிகைட்டு கொஞ்சம் மேலெழும். போதிய கந்தகவீரொட்சைட்டு இருந்தால் அது சில வாரத்தில் பிணைந்து, வைன் தேறிவிடும். அப்படித் தேறும் சுவைக்கேடு காற்றினால் வந்தது. கடதாசி மணம் தேறுவது அரிது. ரி.சி.ஏ. ஒருபோதும் தேறாது. கெட்டது எது என்று கண்டுபிடிக்கக் காத்திருப்பதும் ஒரு வழி.

இதைவிட நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது, அதைச் செய்பவர் நம்மில் மிகக் குறைவு. வடிகட்டத் தொடங்குமுன் அதே கார்போயிலிருந்து இரண்டு போத்தல் வைனைக் காற்றுப் படாமல் நிரப்பி, அதே அளவு மெற்றாபைசல்பைற்றோடு அடைத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து வடித்த போத்தலையும் வடிக்காத போத்தலையும் வீட்டில் ஒருவரைத் திறக்கச் சொல்லுங்கள். மங்கல் கண்ணில் படாதபடி நிறக் கிண்ணங்களில், நீங்கள் பார்க்காத நேரத்தில் அவர் மூன்று கிண்ணம் ஊற்றவேண்டும். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறாக இருக்கும் கிண்ணம் எது என்று நீங்கள் சொல்லவேண்டும். ஒருமுறை சரியாகச் சொன்னால் போதாது, ஊகிப்பவருக்கே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு சுற்று வையுங்கள். ஐந்து சுற்றாவது சரியாகச் சொன்னால் உங்கள் வடிகட்டல் வைனை மாற்றியிருக்கிறது. அப்போது வடித்த கிண்ணத்தை மணந்து, கடதாசியா, அப்பிளா, பூஞ்சணமா என்று எழுதிவைத்து, அடுத்த புரட்டாதிக்கு முன் தாளிலோ குழாய்ப் பூட்டிலோ சேமித்த இடத்திலோ அதைத் தேடுங்கள்.